பழைய பனியனில் பொம்மைக்கு முடி

பழைய பனியனைக் கைக்குக் கீழே, குறுக்குவாட்டில் இரண்டு விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, இரு முனையையும் பிடித்து நன்றாக இழுங்கள். தானாகவே சுருண்டு உருண்டையான கயிறாகிவிடும். திருப்பூர்ப் பக்கம் என்றால் கட்டிங் வேஸ்ட்டே போதும். பொம்மைக்கு முடி வைக்கலாம், கொட்டாங்குச்சியில் சுற்றிப் பேனா ஸ்டாண்டு செய்யலாம், அட்டையில் பின்னலாம். உல்லன் நூல் வாங்கும் செலவு மிச்சம், குழந்தைகளின் விரலுக்கும் இதமாக இருக்கும்.

பனியன் பெரும்பாலும் சிங்கிள் ஜெர்சி எனும் ஒற்றைப் பின்னல் துணி. அதன் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி இழுவிசை கொண்டவை அல்ல. அதனால் வெட்டிய ஓரம் சுருளும். பின்னலாடை என்பதால் நூல் அவ்வளவாகப் பிரியாது, ஓரம் தைக்க வேண்டியதில்லை.

இன்டர்லாக் (இரட்டைப் பின்னல்), ரிப் (வரிவரியான பின்னல்) துணிகள் இப்படிச் சுருளாது. சட்டை, வேட்டித் துணியோ நூல் நூலாகப் பிரிந்துவிடும். பக்கவாட்டில் தையல் இருக்கும் பனியனில் அந்த இடத்தை மட்டும் வெட்டி நீக்கிவிடுங்கள். வெட்டும் வேலை பெரியவர்களுடையது. இழுப்பதைக் குழந்தைகளிடம் விடுங்கள், அதுதான் அவர்களுக்குப் பிடித்த பகுதி.