டால்பின் நோஸும் தூண் பாறையும்: குழந்தைகளோடு கொடைக்கானலில் ஒரு நாள் நடை

கொடைக்கானலின் பாறைகளையும் காட்சி முனைகளையும் பார்க்க வரும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே வரிசையைப் பின்பற்றுகின்றன. காலையில் ஏரியைச் சுற்றுகிறார்கள், பத்து மணிக்கு மேல் தூண் பாறைக்குப் போகிறார்கள், உச்சி வேளையில் பக்கத்து வட்டக்கானல் கிராமத்துக்கு வந்து, டால்பின் நோஸ் என்னும் பாறைக்குப் போகும் பாதையில் இறங்கத் தொடங்குகிறார்கள். குழந்தைகளோடு வருவோர் இந்த வரிசையை மாற்றி, டால்பின் நோஸை விடிந்த கையோடும், தூண் பாறையை முற்பகலிலும், கோக்கர்ஸ் வாக் என்னும் நடைபாதையை மாலையிலும் வைத்துக்கொள்வதே நல்லது. பல முறை போய்வந்த பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, பாதையின் அமைப்பு. பெரும்பாலான மலை நடைகளில் உடம்பில் தெம்பு இருக்கும்போது ஏற்றமும், களைத்த பிறகு இறக்கமும் வரும். டால்பின் நோஸ் பாதையிலோ போகும்போது இறக்கமும் திரும்பும்போது ஏற்றமுமாக இருப்பதால், போகிற வழியில் துள்ளிக் குதித்த பிள்ளை வருகிற வழியில்தான் உட்கார்ந்துவிடும். இரண்டாவது, மூடுபனி. கொடைக்கானல் நகரம் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், பழனி மலையின் தெற்கு விளிம்பில் இருக்கிறது. வெயில் ஏற ஏறப் பெரியகுளத்துப் பக்கத்துச் சமவெளிக் காற்று சூடாகி, ஈரத்தைச் சுமந்துகொண்டு மலைச்சரிவில் மேலேறி, உயரத்தில் குளிர்ந்து மேகமாகிறது. ஆகையால் காலை ஏழு மணிக்குக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெளிவாகத் தெரிந்த பள்ளத்தாக்கு, பத்து பதினோரு மணிக்குள் வெள்ளைத் திரை போட்டதுபோல் மறைந்துவிடுவது அங்கே அன்றாட நிகழ்ச்சி.

நாங்கள் முதல் முறை போனபோது இது எதுவும் தெரியாமல் பதினோரு மணிக்கு இறங்கினோம். பாறையை அடைந்தபோது எதிரே வெண்மை தவிர வேறொன்றும் இல்லை. திரும்பும் வழியில் அக்காவின் ஆறு வயது மகன் பாதி ஏற்றத்தில் அழத் தொடங்கி, மீதித் தொலைவை நாங்கள் மாறி மாறித் தூக்கிக்கொண்டே ஏற வேண்டியதாயிற்று. அன்றைக்குப் பாறையின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நேரத்தைத் தேர்ந்த எங்கள் மேல்தான் குறை.

முன்னேற்பாடு

சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ வருவோர் இ-பாஸ் பதிவு செய்துகொள்ள வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. வத்தலக்குண்டு வழியாக மலையேறும் சாலையில் வளைவுகள் அதிகம் என்பதால் குழந்தைகளுக்கு வாந்தி வருவது சாதாரணம். வயிறு கலங்கிய அதே நாளில் அவர்களை நடக்க வைக்காமல், முந்தைய நாள் பிற்பகலிலேயே மேலே வந்து, இரவு சீக்கிரம் தூங்க வைத்துவிடுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலைகளே இந்த நடைக்கு மிகவும் ஏற்றவை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையால் பாதை வழுக்கும், அட்டைகளும் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வானம் பரவாயில்லை என்றாலும் கூட்டம் மிகுதி. கோடை தொடங்கும் வாரங்களில் காடு காய்ந்திருப்பதால் தீ மூட்டுவது, புகைபிடிப்பது ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். பக்கத்துத் தேனி மாவட்டத்தின் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்ததை யாரும் மறக்கக் கூடாது. வனத்துறை ஒரு பாதையை மூடியிருந்தால், அன்றைக்கு அந்தப் பாதை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உடையில் அடுக்குமுறைதான் சரி. விடியலில் குளிர் நடுக்கும், ஏற்றத்தில் வியர்க்கும், பாறைமேல் காற்று மறுபடியும் குளிரும். ஒரே தடித்த கம்பளிச் சட்டையைவிடப் பருத்திச் சட்டை, மெல்லிய ஸ்வெட்டர், மழைக்கோட்டு என மூன்றாகப் பிரித்துக்கொண்டால் கழற்றவும் போடவும் எளிது. காலணி விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அடிப்பகுதியில் பிடிமானமுள்ள, ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ இருக்க வேண்டும்; ரப்பர் செருப்பும் பயணத்துக்கென்று வாங்கிய புது ஷூவும் வேண்டாம். பெரியவருக்கு ஒரு லிட்டர், குழந்தைக்கு அரை லிட்டர் தண்ணீரை எஃகு பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை உள்ளது. கொடைக்கானலில் சிறிய தண்ணீர்ப் பாட்டில்களுக்கும் கெடுபிடி உண்டு. சாப்பாட்டுக்குப் புளியோதரை, கடலை மிட்டாய், வழியில் வாங்கும் மலைவாழைப்பழம் ஆகியவை போதும். பழத்தோலையும் பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவாருங்கள். வழியோரத்தில் எறியும் தோல்தான் குரங்கையும் காட்டெருமையையும் மனிதர் நடமாடும் இடத்துக்குப் பழக்குகிறது.

வட்டக்கானலிலிருந்து பாறை வரை

வட்டக்கானல் நகரத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. சாலை குறுகலானது, வண்டி நிறுத்த இடமும் குறைவு. ஏழு மணிக்குள் வந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அங்கிருந்து பாறைக்கு நடைதூரம் இரண்டு கிலோமீட்டருக்குள்தான். எண்ணைக் கேட்டு ஏமாந்துவிட வேண்டாம். செங்குத்தாக இறங்கும் இடங்களில் மரவேர்களே படிகளாக இருக்கின்றன. பல்லாயிரம் கால்கள் தேய்த்து வழவழப்பான அந்த வேர்கள், இரவுப் பனியில் நனைந்திருந்தால் சோப்புத் தேய்த்தது போல் வழுக்கும். வேரின் முதுகில் கால் வைக்காமல், இரண்டு வேர்களுக்கு நடுவே உள்ள மண்ணில் பாதத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி வைத்து இறங்கச் சொல்லிக்கொடுங்கள். குழந்தைகள் இதை ஒரு விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள்.

நடக்கும் வரிசையைப் புறப்படும்போதே முடிவு செய்ய வேண்டும். முன்னால் ஒரு பெரியவர், கடைசியில் ஒரு பெரியவர், நடுவில் குழந்தைகள். முன்னால் போகிறவரைத் தாண்டி எந்தக் குழந்தையும் ஓடக் கூடாது. சரிவோரமாகப் போகும் இடங்களில் கையைப் பிடித்திருக்கும் பெரியவர் பள்ளத்துப் பக்கமும் குழந்தை மலைப்பக்கமும் நடக்க வேண்டும். கைக்குழந்தையைத் துணியிலோ பையிலோ முதுகில் கட்டிக்கொள்வதே நல்லது. முன்பக்கம் கட்டினால் இறங்குபவருக்குத் தன் பாதமே தெரியாது. முழங்கால் வலி உள்ள பாட்டி தாத்தாவை வற்புறுத்தி இறக்காதீர்கள். வட்டக்கானலிலேயே ஒரு தேநீர்க் கடையில் அவர்கள் இளவெயிலில் அமர்ந்திருக்கலாம். அவர்களுக்கான நடை மாலையில் இருக்கிறது.

வழியில் சிறு கடைகள் உண்டு. பிரெட் ஆம்லெட்டும் எலுமிச்சைத் தேநீரும் மலைக் கேரட்டும் கிடைக்கும். இறங்கும்போது வயிறு நிரம்பச் சாப்பிடாமல், திரும்பி ஏறும்போது நின்று சாப்பிடுவதாகப் பிள்ளைகளிடம் சொல்லி வைத்துவிட்டால், ஏற்றத்தின் நடுவே அவர்களை இழுத்துச்செல்ல அது ஒன்றே போதும்.

டால்பின் நோஸ் என்பது மலைவிளிம்பிலிருந்து பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான பாறை. அதற்குக் கீழே வெறும் ஆழம். எதிரே அடுக்கடுக்கான மலைத்தோள்கள். அவற்றைத் தாண்டிச் சமவெளி. இந்த இடத்தில் குடும்பத்துக்கு ஒரே ஒரு விதி வேண்டும்: விளிம்பிலிருந்து இரண்டு ஆள் நீளமாவது உள்ளே தள்ளி, எல்லோரும் உட்கார்ந்தபடியே பார்க்க வேண்டும். தடுப்பு போட்டிருந்தால் அதுதான் எல்லை. பள்ளத்திலிருந்து காற்று முன்னறிவிப்பின்றி வீசுவதும், பாறைமேல் கண்ணுக்குத் தெரியாத பாசி படிந்திருப்பதும் உள்ளூர்க்காரர்களையே எச்சரிக்கையாக வைத்திருப்பவை. மூக்கின் நுனியில் நின்று படமெடுக்கும் இளைஞர்களைக் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும் என்பதால், உங்கள் வீட்டுப் பெரியவர்களில் ஒருவர்கூட அதைச் செய்யாமல் இருப்பது மிக முக்கியம். நான் நுனிக்குப் போகும் ஆசையை என் மகள் நடக்கத் தொடங்கிய ஆண்டோடு விட்டுவிட்டேன், அதனால் காட்சியில் எதையும் இழக்கவில்லை.

பாறையில் அரை மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருங்கள். முதலில் தூரத்து ஊர்களும் வயல்களும் தெரியும்; பிறகு கீழே ஒரு மடிப்பில் பஞ்சுபோல் முதல் மேகம் பிறந்து, கண்ணெதிரே சரிவைப் பிடித்துக்கொண்டு மேலேறி வரும். மேகம் எப்படி உருவாகிறது என்பதைப் பாடப் புத்தகத்தில் படித்த பிள்ளைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேறெங்கும் கிடைக்காது.

இதற்குக் கீழே எதிரொலிப் பாறை இருக்கிறது. அங்கே போகும் பாதை இன்னும் செங்குத்தானது. எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தை உடன் இருந்தால் டால்பின் நோஸிலேயே திரும்பிவிடுங்கள். பெரிய பிள்ளைகள் என்றாலும் ஒன்பது மணி ஆகியிருந்தால் அல்லது மேகம் ஏறத் தொடங்கியிருந்தால் திரும்புவதே சரி. அதற்கும் அப்பால் பாதை வெள்ளகவி கிராமத்துக்கும், பிறகு பெரியகுளத்துப் பக்கம் கும்பக்கரைக்கும் இறங்குகிறது. வண்டிச் சாலை வருவதற்கு முன் கொடைக்கானலுக்கு மனிதர்கள் ஏறி வந்த பழைய வழிகளில் அதுவும் ஒன்று. அது ஒரு முழு நாள் மலைநடை. வனத்துறையிடம் கேட்டறிந்து, வழி தெரிந்த உள்ளூர்க்காரரோடு பெரியவர்கள் மட்டும் போக வேண்டியது.

ஏற்றத்துக்கு, இறங்க எடுத்த நேரத்தைப்போல் இரண்டு மடங்கை ஒதுக்குங்கள். சமவெளியிலிருந்து வந்தவர்களுக்கு இந்த உயரத்தில் மூச்சு சற்றுச் சீக்கிரமே வாங்கும். பெரிய எட்டு வைத்து வேகமாக ஏறி, மூச்சிரைத்து நெடுநேரம் உட்கார்வதைவிட, சிறிய எட்டாக வைத்து நூறு எட்டுக்கு ஒருமுறை நின்றபடியே ஒரு நிமிடம் மூச்சுவாங்கிவிட்டு ஏறுவது நல்ல முறை. எண்ணும் வேலையைக் குழந்தையிடம் கொடுங்கள். எல்லாரிலும் மெதுவாக நடப்பவரின் வேகமே குடும்பத்தின் வேகமாக இருக்கட்டும். ஏறும்போது பெரியவர் குழந்தைக்குப் பின்னால் வர வேண்டும், சறுக்கினால் தாங்குவதற்கு. பாதையில் கைபேசித் தொடர்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்பதால், 108 ஐ அழைக்க வேண்டிய நிலை வந்தால் ஒருவர் மேலே கடைகள் வரை ஏற வேண்டியிருக்கும். மேலே காத்திருப்பவர்களிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போவது அதனால் அவசியம்.

தூண் பாறை

பதினோரு மணியளவில் தூண் பாறைக்கு வந்தால், நடையின் பாரம் இல்லாமல் ஓர் அரிய பாறை அமைப்பைப் பார்க்கலாம். ஏரியிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் அளவில், வனத்துறைக் கட்டணம் செலுத்திப் போகும் இடம் இது. பக்கம் பக்கமாக நிற்கும் மூன்று பாறைத் தூண்களின் உயரம் ஏறத்தாழ 122 மீட்டர். பொதுவாக இவற்றைக் கிரானைட் என்று சொல்வார்கள். ஆனால் பழனி மலையின் பெரும்பகுதி சார்னோகைட் என்னும் பாறையால் ஆனது. சென்னைக்கருகே பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கிடைக்கும் அதே வகைப் பாறை அது. கொல்கத்தாவில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை மேல் வைத்த பல்லாவரத்துக் கல்லைக் கொண்டே அந்தப் பெயர் வந்தது. இத்தகைய கடினப் பாறையில் செங்குத்தான விரிசல்கள் இருக்கும். அவற்றினூடே மழைநீரும் வேரும் புகுந்து நெடுங்காலம் அரிக்க, விரிசல்கள் அகன்று இடுக்குகளாகி, அரிபடாத நடுப்பகுதி தூணாக எஞ்சுகிறது. குழந்தைகளிடம் தூண்களின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஓடும் கோடுகளைத் தேடச் சொல்லுங்கள்.

பக்கத்தில் குணா குகை எனப்படும் இடத்தில் இருக்கும் ஆழமான பிளவுகளில் உயிர்கள் பறிபோயிருக்கின்றன. வேலியைத் தாண்டக் கூடாது என்று வெறுமனே அதட்டாமல், மேலே இலைச்சருகு மூடியிருந்தாலும் கீழே தரை இருக்காது என்பதை விளக்குங்கள்.

வந்த நேரத்தில் தூண்கள் மூடுபனிக்குள் மறைந்திருந்தால் உடனே கிளம்பிவிடாதீர்கள். இங்கே மேகம் ஒரே நிலையில் நிற்காமல் திறந்து மூடும். அரை மணி காத்திருந்தால் பெரும்பாலும் ஒரு சில நிமிடங்களாவது திரை விலகும். குரங்குகள் அதிகம் என்பதால் தின்பண்டத்தைக் கையில் வைத்திருக்க வேண்டாம். புளியோதரையை வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிடலாம். வழியில் காட்டெருமை நின்றால் அருகில் போய்ப் படமெடுக்காமல், அது விலகும் வரை தூரத்திலேயே நில்லுங்கள்.

மாலையில் கோக்கர்ஸ் வாக்

மதிய ஓய்வுக்குப் பிறகு, காலையில் இறங்காத பாட்டி தாத்தாவையும் அழைத்துக்கொண்டு நான்கு மணிக்குக் கோக்கர்ஸ் வாக்குக்கு வாருங்கள். கோக்கர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1872 இல் மலைவிளிம்பை ஒட்டி அமைத்த, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதை இது. கைப்பிடிக் கம்பி உண்டு, ஏற்ற இறக்கம் குறைவு. காலையில் பாறையிலிருந்து பார்த்த அதே சமவெளி இங்கே இன்னொரு கோணத்தில் விரியும்.

மாலை வெயில் உங்கள் முதுகுப்பக்கம் தாழ்ந்திருந்து, எதிரே பள்ளத்தில் மூடுபனி நிரம்பியிருந்தால், கம்பியோரம் நின்று பனியை உற்றுப் பாருங்கள். சில மாலைகளில் உங்கள் நிழல் அந்தப் பனியின்மேல் பெரிதாக விழுந்து, தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வளையம் தெரியும். இதற்குப் பிராக்கன் நிழல் என்று பெயர். பக்கத்தில் நிற்பவர்களின் நிழலும் உங்களுக்குத் தெரியலாம். வளையம் மட்டும் அவரவர் தலையைச் சுற்றியே அவரவருக்குத் தெரியும். ஆகவே குழந்தையைத் தூக்கிப் பிடித்து உங்கள் வளையத்தைக் காட்ட முயலாமல், அதைத் தன் காலிலேயே நிற்கவிட்டு, தன் நிழலின் தலையைத் தேடச் சொல்லுங்கள்.