நாய் குளிசையை விழுங்கினால் முதலில் செய்ய வேண்டியவை

கிளினிக்கில் தரும் குளிசைகள் சின்னச் சின்னப் பைகளில் வரும். கட்டில் ஓரத்தில் கிடக்கும் அந்தப் பையை ஒரு குட்டி நாய் நொடியில் குதறிவிடும். அப்போது வாந்தி எடுக்க வைப்பதற்காக உப்புப் போத்தலைத் தேடி ஓடாதீர்கள். முதலில் உங்கள் கைக்கு வர வேண்டியது அந்தப் பைதான்.

1. வாயில் எஞ்சியதை எடுத்துவிட்டு நாயை வெளியே கட்டுங்கள். வீட்டில் இரண்டு நாய் இருந்து எது தின்றது என்று தெரியாவிட்டால், இரண்டுமே தின்றதாக எடுங்கள்.

2. பையிலுள்ள பெயரையும் மில்லிகிராமையும் பாருங்கள். 30 குளிசை தந்து, நாளுக்கு ஒன்றாக 12 நாள் போட்டிருந்தால் 18 மிஞ்ச வேண்டும். தரையில் 11 கிடந்தால் 7 வயிற்றுக்குள். சந்தேகமென்றால் கூடிய எண்ணிக்கையையே சொல்லுங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுங்கள், பிறகு தனியே ஏறுங்கள்; வித்தியாசம்தான் நாயின் நிறை.

3. உடனே மிருக வைத்தியருக்குக் கோல் எடுங்கள். மருந்தின் பெயர், அளவு, தின்ற நேரம், நாயின் நிறை, இப்போதைய நிலை ஆகிய ஐந்தையும் சொல்லுங்கள். வாந்தி எடுக்க வைப்பது பெரும்பாலும் முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள்தான் பயன் தரும். அரச மிருக வைத்திய அலுவலகம் கந்தோர் நேரத்தில்தான் திறந்திருக்கும். ஆகவே இரவில் வரக்கூடிய தனியார் வைத்தியர் ஒருவரின் இலக்கத்தை இன்றைக்கே போனில் பதிந்து வையுங்கள்.

4. எதையும் பருக்காதீர்கள். உப்புத் தண்ணீர் இரத்தத்தில் சோடியத்தை ஏற்றி, வலிப்பு வந்து நாய் சாகலாம். தேங்காயெண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நியூமோனியா. பால் மருந்தை முறிக்காது. மருந்தை உறிஞ்ச வைத்தியர் கொடுக்கும் கரி வேறு, அடுப்புக்கரி வேறு. சோர்ந்து கிடக்கும் நாயையும் வலிப்பு வந்த நாயையும் ஒருபோதும் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

எந்த மருந்து என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பனடோல் (பரசிட்டமோல்) ஒன்றில் 500 மி.கி. 10 கிலோ நாய் இரண்டு தின்றால் கிலோவுக்கு 100 மி.கி.; ஈரல் பாதிப்புக்குப் பயப்பட வேண்டிய அளவு அது. முரசு மண்ணிறமாக மாறுவதும், முகமும் பாதமும் வீங்குவதும், மூச்சிரைப்பதும் அதன் அறிகுறிகள். பூனைக்கு ஒரு குளிசையே உயிரை எடுக்கும். உண்ணிக் காய்ச்சலுக்கென்று வீட்டிலுள்ள பனடோலை நாய்க்குக் கொடுக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

இபுபுரோபன், டைக்லோபெனாக் போன்ற நோவுக் குளிசைகள் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சலரோகக் குளிசைகளில் கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் இரண்டும் சீனியை வேகமாக இறக்கும். நாய் தள்ளாடினாலோ நடுங்கினாலோ, வழியிலேயே முரசில் கொஞ்சம் தேன் தடவுங்கள். பிறஷருக்கான அம்லோடிபின் சில மணித்தியாலம் அமைதியாக இருந்துவிட்டு நாயை விழுத்தும். தைரொயிட் குறைபாட்டுக்கான தைரொக்சினை நாய்கள் ஓரளவு தாங்கும். ஆனாலும் வைத்தியரைக் கேளுங்கள்.

5. ஓட்டோவில் கொண்டுபோகும்போது நாயைப் பக்கவாட்டில் கிடத்துங்கள், தலை சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். வாயைக் கட்டாதீர்கள். பையையும், வாந்தி எடுத்திருந்தால் அதையும் ஒரு பொலித்தீனில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

வீடு திரும்பிய பிறகும் மூன்று நாட்களுக்கு மலத்தையும் சிறுநீரையும் கவனியுங்கள். மலம் தார் போலக் கறுத்தாலோ, கண்வெள்ளை மஞ்சளானாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றைக்கே திரும்பக் கொண்டுபோங்கள்.