பள்ளத்தாக்கு நடைக்கு மூன்று பங்குக் கணக்கு

ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறும் ஒரு நாள் நடைக்கு, கையில் உள்ள நேரத்தை மூன்றாகப் பிரித்து, முதல் பங்கு முடிந்ததும் திரும்பிவிடுங்கள். இறங்க ஒன்று, ஏற இரண்டு.

மலையேறும்போது களைப்பு முதலிலேயே வந்து நம்மை எச்சரித்துவிடும். பள்ளத்தாக்கில் சுலபமான பாதி முதலில் வந்து ஏமாற்றும். இறங்கியதைப் போல இரு மடங்கு நேரம் ஏற வேண்டியிருக்கும் என்றுதான் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பூங்காவும் சொல்கிறது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், நம் தாப்பா, பீடோர் பக்கம் இருட்டைவிட மழையைத்தான் பார்க்க வேண்டும். இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வரும். அதனால் 1 மணிக்கு மேலே வந்துவிடும்படி வையுங்கள். காலை 7 மணிக்கு இறங்கினால் 9 மணிக்குத் திரும்ப வேண்டும். குளியல், நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) எல்லாம் அதற்குள்தான். தோட்டத்தில் அதிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நேரத்துக்கு எழுந்து பழகிய வீடுகளுக்கு இது பெரிய விஷயமா என்ன?

ஆற்றோரமாக ஏறிப்போய் நீர்வீழ்ச்சி பார்க்கும் பாதைக்கு இந்தக் கணக்கு வேண்டாம். அங்கே இறக்கம் கடைசியில் வருவதால் சரிபாதி போதும். கீழ்முனையில் வண்டி காத்திருந்தாலும் தேவையில்லை. அப்புறம், தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் எந்தக் கணக்கும் செல்லாது. மேலே எங்கோ மழை கொட்டுகிறது. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் உடனே கரையேறி மேட்டுக்குப் போங்கள்.