கிட்டார் ஆம்ப் மாடலர்: முதல் இணைப்பிலிருந்து பெடல்போர்டு வரை

மாடலர் என்பது பல கிட்டார் ஆம்புகளின் (ஆம்ப்ளிஃபையர்) ஒலியை டிஜிட்டலாக உருவாக்கித் தரும் பெட்டி. அதைப் புதிதாக வாங்கியவர்கள் முதல் நாளே செய்வது, உள்ளே ஏற்கெனவே ஏற்றியிருக்கும் பிரீசெட்டுகளை (சேமித்து வைத்த ஒலி அமைப்புகளை) வரிசையாகத் தட்டிப் பார்ப்பது. பாதி தேனீக் கூட்டம்போல் இரையும். மீதி கிணற்றுக்குள் உட்கார்ந்து வாசிப்பதுபோல் கேட்கும். பெட்டியில்தான் கோளாறு என்று கடைக்குத் திரும்ப எடுத்துப் போகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் பெட்டியில் ஒரு குறையும் இருக்காது. அந்த பிரீசெட்டுகள் வேறு யாரோ, வேறு கிட்டாரையும் வேறு ஸ்பீக்கரையும் வைத்து அமைத்தவை. கம்பியில் தொடங்கி ஸ்பீக்கர் வரை சிக்னல் போகும் பாதையை ஒவ்வொரு இணைப்பாக நீங்களே சரிபார்த்தால், விலை குறைந்த யூனிட்டிலும் நிறைவான ஒலி வரும். இந்த விளக்கமும் அதே பாதையில்தான் போகிறது.

தொடங்குமுன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ரெக்கார்டில் நாம் கேட்கும் எலெக்ட்ரிக் கிட்டார் ஒலி ஆம்ப் மட்டும் தருவது அல்ல. ஆம்ப், ஸ்பீக்கர் கேபினட் (ஸ்பீக்கர் பொருத்திய மரப்பெட்டி), அதன் முன்னால் வைத்த மைக் மூன்றும் சேர்ந்துதான் அது. 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை வேகமாகக் குறைத்துவிடும். டிஸ்டார்ஷனின் (கரகரப்பான ஒலியின்) கூர்மையை மழுக்குவது அதுதான். மாடலரில் கேபினட் பிளாக்கை (கேபினட்டின் ஒலியைத் தரும் பகுதியை) அணைத்துவிட்டு ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள், காது கூசும். "ஐஆர்" (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்) என்று சொல்லப்படுவது அந்தக் கேபினட்டும் மைக்கும் சேர்ந்து தரும் குணத்தைப் பதிந்த சின்ன ஆடியோ ஃபைல். 48 கிலோஹெர்ட்ஸில் 2048 சாம்பிள் உள்ள ஐஆர் ஏறக்குறைய 43 மில்லிசெகண்ட் நீளம்தான். ஆனாலும் ஆம்ப் மாடலை மாற்றுவதைவிட ஐஆரை மாற்றும்போதுதான் ஒலி அதிகம் மாறும். ஒலி பிடிக்கவில்லை என்றால் முதலில் அங்கே கை வையுங்கள்.

படி 1: கரண்ட்டும் எர்த்தும்

இதைத் தாண்டிப் போய்விட வேண்டாம். சென்னையின் பழைய வாடகை வீடுகள் பலவற்றில் பிளக் பாயின்ட்டில் மூன்று ஓட்டை இருக்கும். மேலே உள்ள பெரிய ஓட்டைக்குப் பின்னால் எர்த் ஒயர் இருக்காது. கிட்டாரை லேப்டாப்புடன் இணைத்து, சார்ஜர் போட்ட நிலையில் கம்பியைத் தொட்டால் விரலில் லேசாகச் சுர்ரென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் (கரண்ட் வரும் ஒயர்) நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் அளவில் காட்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் ஏறக்குறைய அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும்.

இரண்டு குறுக்குவழிகளை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். ஒன்று, ஹம் (ம்ம் என்ற தொடர் இரைச்சல்) போவதற்காகப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றுவது. இன்னொன்று, எர்த் இல்லாத பாயின்ட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் துண்டு ஒயரால் இணைப்பது. அப்படி இணைத்த பிறகு நியூட்ரல் எங்காவது அறுந்தால் கிட்டார் கம்பியிலேயே 230 வோல்ட் வந்து நிற்கும். கை கம்பியிலும் உதடு மைக்கிலும் இருக்கும் பாடகருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

அடுத்தது அடாப்டர். கிட்டார் பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட், பிளக்கின் நடு முனை நெகட்டிவ். சென்னையில் எலெக்ட்ரானிக் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் எளிதில் கிடைக்கும் ரவுட்டர், சிசிடிவி அடாப்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட், நடு முனை பாசிட்டிவ். பிளக் அளவு ஒன்றாகவே இருப்பதால் அழகாகப் பொருந்தும், பெடலைக் கொன்றும்விடும். அடாப்டர் மேல் அச்சிட்ட வட்டப் படத்தையும் யூனிட்டின் பின்பக்கப் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே செருகுங்கள். வோல்ட் சரியாக அதே அளவாக இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் தவறில்லை, குறையக் கூடாது. பாஸ் ஜிடி-1 போன்ற சின்ன யூனிட்டுக்கு 200 மில்லி ஆம்பியர் போதும். லைன் 6 ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப்புடன் கொடுக்கும் அடாப்டரோ 9 வோல்ட், 3 ஆம்பியர். இரண்டையும் ஒன்றாக நினைத்தால் யூனிட் பாதி வாசிப்பில் ரீஸ்டார்ட் ஆகும்.

படி 2: கிட்டாரிலிருந்து யூனிட்டுக்கு

3 மீட்டர் ஷீல்டட் கேபிள் வீட்டுக்குப் போதும். நீளம் கூடக்கூட மேல் ஸ்தாயியின் பளிச்சென்ற தன்மை குறையும். கிட்டாரின் வால்யூம், டோன் இரண்டையும் முழுக்கத் திறந்து வையுங்கள். யூனிட்டில் இன்புட் லெவல் அமைப்பு இருந்தால், ஆறு கம்பியையும் உங்களால் முடிந்த அளவு பலமாக அடித்து, சிவப்பு விளக்கு எரியாத இடத்தில் நிறுத்துங்கள். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப் உள்ள கிட்டாருக்குச் சற்றுக் குறைக்க வேண்டியிருக்கும்.

யூனிட் இல்லாமல் கம்ப்யூட்டரில் வாசிப்பவர்கள் ஆடியோ இன்டர்ஃபேஸில் "இன்ஸ்ட்" அல்லது "ஹை-இசட்" பட்டனை அழுத்த மறக்கக் கூடாது. கிட்டார் பிக்கப்புக்கு ஏறக்குறைய 1 மெகாஓம் இன்புட் வேண்டும். லைன் இன்புட்டில் செருகினால் கம்பளி போர்த்தியதுபோல் மங்கலாகக் கேட்கும். பலமாக அடிக்கும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபெல் அருகே வந்தால் போதும். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச மென்பொருளே தொடக்கத்துக்குத் தாராளம். பணத்தை நல்ல இன்டர்ஃபேஸில் போடுங்கள். பஃபர் (கம்ப்யூட்டர் ஒரே தடவையில் கையாளும் ஒலித் துண்டின் அளவு) 128 சாம்பிள் வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது 2.7 மில்லிசெகண்ட், போக வர இரண்டு முறை கணக்கிட்டாலும் விரலுக்குத் தெரியாது. புளூடூத் ஹெட்போன் மட்டும் வேண்டவே வேண்டாம். பத்தில் ஒரு நொடிக்கு மேலும் தாமதம் வரும், தாளம் நிற்காது.

படி 3: காலி பிரீசெட்டில் ஓர் ஒலி

பிரீசெட்டைக் காலி செய்யுங்கள். ஒரு ஆம்ப், ஒரு கேபினட், அவ்வளவுதான். சுத்தமான ஒலி தரும் ஃபெண்டர் வகை ஆம்ப் மாடல் எடுத்து எல்லா நாப்பையும் 5-இல் வையுங்கள். கேபினட் பிளாக்கில் லோ கட் (அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டுவது) 80 ஹெர்ட்ஸ், ஹை கட் (அதற்கு மேலுள்ளதை வெட்டுவது) 7 கிலோஹெர்ட்ஸ். கிட்டாரின் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அதற்குக் கீழே உங்களுக்கு வேண்டியது எதுவும் இல்லை, மேசை அதிர்வும் ஹம்மும்தான். இந்த இரண்டு கட்டும் சேர்ந்தாலே "டிஜிட்டல்தனம்" என்று பலர் குறை சொல்வதில் பெரும்பகுதி போய்விடும். இன்னும் கூசினால் ஹை கட்டை 6-க்கு இறக்குங்கள், அல்லது மைக் நிலையைக் கோனின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்துங்கள். ஈக்யூ நாப்புகளைத் தொடுவது கடைசி வேலை.

பத்து நிமிடம் அப்படியே வாசியுங்கள். ஒலி பிடித்த பிறகே ஆம்புக்கு முன்னால் ஓவர்டிரைவ் (லேசான கரகரப்பு தரும் எஃபெக்ட்) சேருங்கள்: டிரைவ் 2 அல்லது 3, லெவல் 7. டிரைவ் பெடலையே முழுக்கத் திருகுவதைவிட, அது ஆம்பைத் தள்ளும்படி வைப்பதுதான் தடிப்பான ஒலி தரும். தனியாக வாசிக்கும்போது போதும் என்று தோன்றும் கெய்னிலிருந்து (கரகரப்பின் அளவிலிருந்து) கால் பங்கு குறைத்துவிடுங்கள். கெய்ன் கூடினால் ஒலி தட்டையாகும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்தபின் கிட்டார் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

மாடலரில் மாஸ்டர் வால்யூம், சேனல் வால்யூம் என்று இரண்டு இருந்தால் குழப்பம் வரும். மாஸ்டர் ஆம்பின் குணத்தையே மாற்றும். சேனல் வால்யூம் சத்தத்தை மட்டும் மாற்றும். பிரீசெட்டுகளின் சத்தத்தைச் சமப்படுத்த இரண்டாவதைத்தான் தொட வேண்டும்.

டிலேயும் (எதிரொலி) ரிவெர்பும் (அறை முழக்கம்) கேபினட்டுக்குப் பின்னால். பாட்டின் வேகம் தெரிந்தால் டிலே நேரத்தைக் கணக்கிட்டே வைக்கலாம்: 60,000-ஐ ஒரு நிமிடத்துக்கான பீட் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 120 வேகத்துக்கு ஒரு பீட் 500 மில்லிசெகண்ட். முக்கால் பீட் டிலே வேண்டுமானால் 375. மிக்ஸ் 20 சதவீதத்தில் தொடங்குங்கள்.

படி 4: எங்கே இணைக்கிறோம்

ஒரே பிரீசெட் ஹெட்போனில் இனிக்கும், ஆம்பில் கசக்கும். காரணம் பெரும்பாலும் இரட்டைக் கேபினட். மாடலரின் அவுட்புட்டைக் கிட்டார் ஆம்பின் முன் இன்புட்டில் செருகினால், மாடலருக்குள் உள்ள ஆம்பும் கேபினட்டும் போக, நிஜ ஆம்பும் அதன் ஸ்பீக்கரும் சேர்ந்துகொள்கின்றன. ஒலி சேறாகிவிடும். வாடகை ரிகர்சல் அறையில் இருக்கும் காம்போவின் (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ளது) பின்பக்கம் "ரிட்டர்ன்" என்ற ஜாக் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதில் செருகி, மாடலரில் கேபினட் பிளாக்கை மட்டும் அணையுங்கள். இல்லாவிட்டால் ஆம்ப், கேபினட் இரண்டையும் அணைத்து, டிரைவும் டிலேயும் மட்டும் வைத்து முன் இன்புட்டில் போடுங்கள். ஜிடி-1 போன்றவற்றில் எதில் இணைக்கிறீர்கள் என்று சொல்லவே ஓர் அவுட்புட் அமைப்பு உண்டு. பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

ஸ்டுடியோ மானிட்டர், ஹால் மிக்ஸர் இரண்டுக்கும் கேபினட் கட்டாயம் இயங்க வேண்டும். மிக்ஸர் தூரத்தில் இருந்தால் டிஐ பாக்ஸ் (சிக்னலை நீண்ட கேபிளுக்கு ஏற்றதாக மாற்றும் சின்னப் பெட்டி) வழியாக எக்ஸ்எல்ஆரில் (மூன்று முனை மைக் கேபிள்) அனுப்புங்கள். மாடலரிலேயே எக்ஸ்எல்ஆர் அவுட் இருந்தால் அந்தச் சேனலில் 48 வோல்ட் ஃபேன்டம் பவரை (மிக்ஸர் மைக்குக்கு அனுப்பும் மின்சாரத்தை) அணைக்கச் சொல்லுங்கள். ஈக்யூவை நடுவில் வைத்துத் தொடங்கும்படியும் சவுண்ட் பார்ப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பார்ட்மென்ட்டில் மெதுவாக வைத்து உருவாக்கிய ஒலி மேடையில் மாறிப்போவதற்கும் காரணம் உண்டு. சத்தம் குறையும்போது நம் காது பேஸையும் மேல் ஸ்தாயியையும் குறைவாகக் கேட்கிறது. ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் அளந்து காட்டிய விஷயம் இது. வீட்டில் அந்தக் குறையை ஈடுகட்டப் பேஸைக் கூட்டியிருப்பீர்கள். மேடையில் அது குமுறும். ரிகர்சல் சத்தத்தில் ஒருமுறை எல்லாவற்றையும் திருத்தி, "மேடை" என்று தனிப் பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். சோலோ வரும் இடத்துக்கு 3 டெசிபெல் கூடுதலாக ஒன்று.

படி 5: போர்டு

மாடலருடன் இரண்டு மூன்று பெடல் வைக்க 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம், 12 மி.மீ. பிளைவுட் போதும். கடையிலேயே வெட்டிக் கொடுப்பார்கள். பின்பக்கம் 4 செ.மீ. உயரக் கட்டை வைத்துச் சரிவாக்கினால் பின் வரிசைப் பெடலைக் கால் எட்டும், அடியில் பவர் சப்ளை ஒளியும். பாரிமுனைத் தெருக்களில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் வெல்க்ரோவில் மெத்தென்ற பக்கம் போர்டுக்கு, சொரசொரப்பான பக்கம் பெடலுக்கு. பெடலின் அடியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகே ஒட்டுங்கள். இல்லையென்றால் நம்மூர் வெயிலில் பசை இளகி வழியும்.

ஒட்டுமுன் எல்லாவற்றையும் வெறுமனே அடுக்கி, ஜாக் செருகி, காலால் மிதித்துப் பாருங்கள். பெடல்களுக்கு நடுவே 3 முதல் 4 செ.மீ. இடைவெளி வேண்டும். வரிசை: டியூனர், வா-வா பெடல், கம்ப்ரெசர், ஓவர்டிரைவ், பிறகு மாடலர். ஃபஸ் (கடுமையான கரகரப்பு தரும் பெடல்) வைத்திருந்தால் அது கிட்டாருக்கு அடுத்தே வரட்டும். பழைய வகை ஃபஸ்கள், நடுவில் பஃபர் (சிக்னலுக்குத் தெம்பூட்டும் சர்க்யூட்) உள்ள பெடல் வந்தால் சீறும்.

பவர் கணக்கு எளிது. அனலாக் ஓவர்டிரைவ் பொதுவாக 10, 20 மில்லி ஆம்பியர். டிஜிட்டல் டிலே 300 வரைகூடக் கேட்கலாம். லேபிளில் உள்ளதைக் கூட்டி, மேலே கால் பங்கு சேர்த்து வாங்குங்கள். ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்து டிஜிட்டலையும் அனலாகையும் ஓட்டினால் மெல்லிய விசில் சத்தம் கேட்கும். தனித்தனியாகப் பிரித்த அவுட்புட் உள்ள ஐசொலேட்டட் சப்ளை விலை அதிகம்தான், ஆனால் போர்டில் செலவழிக்கத் தகுந்த முதல் பொருள் அதுவே.

இரைச்சல் வந்தால்

எல்லாவற்றையும் கழற்றுங்கள். கிட்டார், மாடலர், ஹெட்போன் மட்டும். இரைச்சல் நின்றதா? ஒவ்வொன்றாகச் சேர்த்தால் குற்றவாளி சிக்கும். நிற்கவில்லையா? பேட்டரியில் ஓடும் யூனிட் என்றால் பேட்டரியில் போட்டுப் பாருங்கள்; அப்போது நின்றால் கோளாறு கரண்ட்டில். அப்போதும் தொடர்ந்தால் நின்ற இடத்திலேயே கிட்டாரோடு மெதுவாகச் சுற்றுங்கள். ஏதோ ஒரு திசையில் குறைந்தால் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் எதையோ வாங்குகிறது: மானிட்டர், எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், பழைய டியூப்லைட் சோக். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைவது பெரும்பாலான கிட்டார்களில் இயல்பு. தொட்டால் கூடுகிறது என்றால் கிட்டாருக்குள் வயரிங்கைப் பார்க்க வேண்டும்.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறியதும் திடீரென்று கரகரப்பு வந்தால் உங்கள் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை. சைன் வேவ் வகையில் இது வராது.

திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் உப்புக் காற்றில் ஜாக்குகள் சீக்கிரம் கறுக்கும், திருகினால் கொரகொரக்கும். ரிச்சி தெருவில் கான்டாக்ட் கிளீனர் கிடைக்கும். ஜாக்கில் ஒரு சொட்டு அடித்து, பிளக்கைப் பத்து முறை செருகி எடுங்கள். தையல் மெஷின் எண்ணெய் போடாதீர்கள், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். போர்டுப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு இருக்கட்டும்.

ஃபர்ம்வேர் (யூனிட்டுக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் செய்யுமுன் பிரீசெட்டுகளையும் ஐஆர்களையும் கம்ப்யூட்டரில் நகலெடுத்து வையுங்கள். யூஎஸ்பி ஹப் இல்லாமல் நேரடியாக இணையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் இந்த வேலை வேண்டாம்: லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, அடாப்டரில் ஓடும் மாடலருக்கு இல்லை. பாதியில் கரண்ட் போனால் சர்வீஸ் சென்டர்தான். இடி இடித்தால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவி விடுங்கள்.