ஓடிக்கொண்டே இருக்கும் மனதை அமர்த்துவது எப்படி: ஹிப்னோதெரபியும் நம் வீட்டு வேலைகளும்

தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கிராமங்களில் புளி தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஓட்டை உடைத்து, நாரை உருவி, பழத்தைக் கல்லில் வைத்துச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. கொட்டை ஒரு பக்கம், சதை ஒரு பக்கம். அந்த வேலையில் உட்கார்ந்திருக்கும் அக்காக்களைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். முதலில் ஊர்க்கதை ஓடும், அப்புறம் பேச்சு தானாகக் குறையும், தோள் தளரும், மூச்சு சீராகும், கை மட்டும் ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு நொடி கழித்துத்தான் நிமிர்வார்கள். ஹிப்னோதெரபி, அதாவது ஹிப்னாடிசத்தை வைத்துச் செய்யும் சிகிச்சை, செய்பவர் தன் அறையில் உங்களை எந்த நிலைக்குக் கொண்டுபோகப் பார்க்கிறாரோ, அதற்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது இதுதான். (நாள் முழுக்கக் குனிந்து கூலிக்குத் தட்டுபவர்களின் இடுப்பு வலியும் எனக்குத் தெரியும், அந்தக் கஷ்டத்தை நான் அழகாக்கிச் சொல்ல வரவில்லை. அந்த நிலையை மட்டும் பாருங்கள்.)

ஹிப்னாடிசம் என்றதும் வசியம், மயக்கம், அடுத்தவன் சொன்னபடி ஆடுவது என்றுதான் நம் ஆட்கள் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. கவனம் ஒரே இடத்தில் குவிந்து, சுற்றியிருப்பது பின்னால் போய், சொல்லப்படும் நல்ல வார்த்தையை மனது வாதம் பண்ணாமல் ஏற்றுக்கொள்ளும் நிலை அது. தூக்கம் கிடையாது; பேசுவது காதில் விழும், வேண்டாம் என்றால் எழுந்து வந்துவிடலாம். 1843-இல் ஜேம்ஸ் பிரெய்ட் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் இதைப் பற்றிப் புத்தகமே எழுதி, இது மந்திரமும் இல்லை, ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்குப் பாயும் சக்தியும் இல்லை என்று விளக்கினார். குடல் எரிச்சல் நோய், அதாவது ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் படுத்துமே, அதற்கு ஹிப்னோதெரபி பலன் தருகிறது என்று 1984-இல் மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் குழு ஆய்வு வெளியிட்டது. மருந்துக்கு அடங்காத அந்த நோய்க்கு இதையும் யோசிக்கலாம் என்று பிரிட்டனின் அரசு வழிகாட்டுதலும் இப்போது சொல்கிறது. வலி, பதற்றம் இவற்றுக்கும் கைகொடுக்கும். சர்க்கரையை விரட்டும், முற்பிறவியைக் காட்டும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். இந்த நிலையை நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியதில்லை, தினமும் தானாகவே அதற்குள் போகிறீர்கள், ஆனால் போன உடனே போனை எடுத்து அதைக் கலைத்துவிடுகிறீர்கள். கலைக்காமல் இருக்கப் பழகுவதுதான் முதல் வேலை.

சரி, எப்படி? உங்கள் வீட்டில் ஏற்கெனவே செய்கிற, யோசிக்கத் தேவையில்லாத, கை திரும்பத் திரும்ப ஒரே மாதிரி அசைகிற ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பூ கட்டுவது, கேழ்வரகு புடைப்பது, அவரைக்காய் உரிப்பது, பால் கறப்பது, பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலை நறுக்குவது, வாசல் பெருக்குவது, எதுவானாலும் சரி. களி கிண்டுவது வேண்டாம், அதற்குத் தோள் பலம் வேண்டும், அடிப்பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வண்டி ஓட்டும்போது கண்டிப்பாக வேண்டாம். ஓசூரிலிருந்து நெடுஞ்சாலையில் வந்து, காவேரிப்பட்டணம் எப்போது தாண்டியது என்றே ஞாபகம் இல்லாமல் தருமபுரி வந்து சேர்ந்திருப்பீர்கள். அதுவும் இதே நிலைதான், ஆனால் அதே நிலையில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இறங்கினால் உயிருக்கு ஆபத்து. ஸ்டியரிங் பிடித்திருக்கும்போது அப்படி ஆனால் வண்டியை ஓரங்கட்டி, முகம் கழுவி, டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வேலைக்கு உட்காரும் முன் போனை அடுத்த அறையில் வையுங்கள், டிவியை அணையுங்கள். கண் ஒரே இடத்தில் இருக்கட்டும், அதாவது விரல் நுனியில். பூ கட்டுகிறீர்கள் என்றால் இரண்டு பூவை எதிரும் புதிருமாக வைத்து நாரைச் சுற்றி இழுக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், அடுத்த பூவை எடுக்கும்போது உள்ளே இழுங்கள். மூச்சு வெளியே போவது உள்ளே வருவதைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தால் போதும். மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு, மூச்சு விடும் நேரத்தில்தான் இதயத்துடிப்பை மெதுவாக்கும். கடன், பொண்ணு கல்யாணம், மாமியார் சொன்ன சொல் எல்லாம் நடுவில் வரத்தான் செய்யும், வரட்டும், அதோடு சண்டைக்குப் போகாமல் கண்ணைத் திரும்ப விரலுக்குக் கொண்டுவாருங்கள். கால் மணி நேரம் போதும்.

முடிக்கும்போது, தோள் தளர்ந்த அந்த நேரத்தில், மனதுக்குள் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். ஹிப்னோதெரபியில் முக்கால்வாசி விஷயம் இந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது, அதனால் இதில் அவசரப்படாதீர்கள். "பயப்படக் கூடாது, டென்ஷன் ஆகக் கூடாது" என்று சொன்னால் மனது பயத்தையும் டென்ஷனையும்தான் தேடிப் பிடிக்கும். "எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிட்டது" என்றாலும் வேலைக்காகாது, உள்ளே இருப்பவருக்கு அது பொய் என்று தெரியும். சின்னதாக, உண்மையாக, உடம்பில் தெரிவதாக இருக்க வேண்டும்: "இப்போ என் தோள் லேசா இருக்குது. மூச்சு நிதானமா வருது. ராத்திரி படுத்தாலும் இதே மாதிரி வரும்." அவ்வளவுதான்.

இரவுக்கு வருவோம். படுத்ததும் அறைக்குள் கூரையில், புருவத்துக்குக் கொஞ்சம் மேலே தெரிகிற ஒரு புள்ளியைப் பாருங்கள். கண் சீக்கிரம் அசரும், அசந்ததும் மூடிக்கொள்ளுங்கள். பாதத்திலிருந்து ஆரம்பியுங்கள். கால்விரல்களை ஐந்து எண்ணும்வரை இறுக்கிப் பிடித்துச் சட்டென்று விடுங்கள், அப்புறம் கெண்டைக்கால், தொடை, வயிறு, கைமுட்டி, தோள், தாடை, நெற்றி. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் சுமார் நூறு வருஷத்துக்கு முன் உருவாக்கிய தசைத் தளர்வுப் பயிற்சியின் சுருக்கம் இது. தாடையை மட்டும் விட்டுவிடாதீர்கள், பகல் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது நிறையப் பேருக்குத் தெரிவதே இல்லை.

அப்புறம் 10-இலிருந்து 1 வரை ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு எண்ணாக இறங்குங்கள். 1 வந்ததும் மனதில் ஒரு இடத்துக்குப் போங்கள். கடற்கரை, பனிமலை என்று யூடியூபில் சொல்வார்கள். கடலையே எப்போதாவது பார்க்கிற நமக்கு அது ஒட்டாது. ஒகேனக்கல்லில் பரிசலில் உட்கார்ந்த ஞாபகம் இருந்தால் அதை எடுங்கள்: காலுக்கடியில் மூங்கில் அழுத்துவது, பரிசல் மெல்லச் சுற்றுவது, இரண்டு பக்கமும் பாறைச் சுவர், தூரத்தில் அருவி இரைச்சல், முகத்தில் சாரல், கரையில் மீன் வறுக்கும் வாசம். பார்ப்பது, கேட்பது, தொடுவது, முகர்வது எல்லாம் சேர்ந்தால்தான் கவனம் அங்கேயே நிற்கும். தண்ணீர் பயம் உள்ளவர்கள் மாந்தோப்பு நிழலுக்குப் போகலாம். அங்கே வைத்து உங்கள் வாக்கியத்தை மூன்று முறை சொல்லுங்கள். தூங்கிவிட்டால் நல்லது. தூக்கம் வராவிட்டால் 1-இலிருந்து 5 வரை எண்ணிக் கண்ணைத் திறந்து, கொஞ்ச நேரம் எழுந்து உட்கார்ந்துவிட்டுத் திரும்பப் படுங்கள்.

இதையெல்லாம் போனில் உங்கள் குரலிலேயே பதிவு செய்து கேட்பது நல்ல வழி. வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே பேசிப் பதியுங்கள், "கண்ணு, கை கனமா இருக்குது பாரு, அப்படியே விடு" என்று உங்கள் அம்மா சொல்வது போல இருந்தாலும் சரி. மேடைத்தமிழில் பேசினால் மனது நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு வாரத்தில் பெரிதாக எதுவும் தெரியாமல் போகலாம், விட்டுவிடாதீர்கள். மூச்சைக் கவனித்தால் நெஞ்சு படபடக்கிறது என்பவர்கள் மூச்சை விட்டுவிட்டுக் கை அசைவை மட்டும் பாருங்கள், சிலருக்கு அப்படித்தான் ஒத்துவரும். பழைய கொடுமையான சம்பவம் எதுவும் மேலே வந்தால் உடனே கண்ணைத் திறந்து நிறுத்துங்கள். காதில் குரல் கேட்பவர்கள், வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதை ஆரம்பிக்க வேண்டாம், சாப்பிடும் மாத்திரையை யாரும் நீங்களாக நிறுத்த வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால், பூ கட்டிக்கொண்டிருக்காதீர்கள்: 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குப் பேசுங்கள், இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நேரில் பார்க்க வேண்டும் என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். ஹிப்னோதெரபிக்கென்று ஆள் தேடுபவர்கள், முதலில் அவர் மனநல மருத்துவரா, பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று நேராகவே கேளுங்கள். ஒரே அமர்வில் குணம், மொத்தப் பணமும் முன்கூட்டியே என்றால் வேண்டாம்.

ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்துக் காலையில் படுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிச்சம் மூளையை எழுப்பும், அதனால் ஜன்னலுக்குக் கனமான துணி போடுங்கள். கூரைப் புள்ளியை விட்டுவிட்டு நேராகக் கால்விரல் இறுக்குவதிலிருந்து தொடங்குங்கள். 10-இலிருந்து இறங்குவது பத்தாது என்று தோன்றினால் 30-இலிருந்து இறங்குங்கள்.