ஐந்து வாட் லேசரில் சிக்குக் கோலம்

பழங்காநத்தத்தில் அப்பாவின் தச்சுப் பட்டறைக்குப் பின்னால் ஓடு வேய்ந்த ஒரு சாய்ப்பு இருக்கிறது. மரத்தில் பொறிக்கவும் வெட்டவும் செய்யும் என் லேசர் மிஷின் அங்கேதான் ஓடுகிறது. பெட்டியில் 40 வாட் என்று போட்டிருந்தது. அது மின்சாரம் இழுக்கும் கணக்கு, மரத்தில் விழும் ஒளி 5 வாட்தான். வாங்கப் போகிறவர்கள் 'ஆப்டிகல் பவர்' எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். அப்பா ஒதுக்கிப் போடும் தேக்கு, வேம்புத் துண்டுகளில் பெயர்ப்பலகை, சாவிக்கொத்து செய்ய 5 வாட் தாராளம்.

மிஷின் வந்த வாரமே அத்தை வீட்டுக்கு ஒரு கோலத் தட்டு செய்தேன். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "கோடு கூடலையேப்பா" என்றார். சிக்குக் கோலத்தில் கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். என்னுடையது அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றது, வளைவுகளும் முட்டை மாதிரி நசுங்கியிருந்தன. பெரிய லேசர் தலை வாங்கினால் இது சரியாகாது. கோளாறு ஒளியில் இல்லை, மிஷினின் சட்டத்திலும் (ஃபிரேம்) அதில் ஓடும் பாகங்களிலும் இருக்கிறது. அதனால் காசைச் செலவழிக்கும் முன் மிஷினை நிதானமாகப் பூட்டிச் சரிசெய்யுங்கள்.

முதலில் சட்டத்தின் நான்கு மூலை ஸ்க்ரூக்களையும் தளர்த்தி, மேடு பள்ளமில்லாத கடப்பாக் கல்லில் வையுங்கள். தச்சர்கள் வைத்திருக்கும் மூலைமட்டத்தை ஒவ்வொரு மூலையிலும் வைத்துப் பாருங்கள். அப்புறம் எதிரெதிர் மூலைகளைக் குறுக்காக அளந்து, இரண்டும் ஒன்றாக வந்த பிறகே இறுக்குங்கள். அடுத்தது பெல்ட். விரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கி உடனே திரும்ப வேண்டும், தொங்கவும் கூடாது, மோட்டாரே முனகும் அளவுக்கு முறுக்கவும் கூடாது. எனக்குக் கடைசியில் அகப்பட்ட திருடன் மோட்டார் தண்டில் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் குட்டி ஸ்க்ரூ. அது லேசாகத் தளர்ந்திருந்தது. அலன் கீயால் அரைச் சுற்று, அவ்வளவுதான், கோடு கூடிவிட்டது. அன்று முதல் எதைக் கழற்றி மாட்டினாலும் நாலு புள்ளிச் சிக்குக் கோலம் ஒன்றை ஓட்டிப் பார்ப்பேன். கோடு மூடவில்லை என்றால் எங்கோ ஆட்டம் இருக்கிறது என்று அர்த்தம்.

இதெல்லாம் முடிந்த பிறகே அளவைத் திருத்துங்கள். 100 மி.மீ. கோடு போட்டு வெர்னியரில் அளந்தால் 99.2 வருகிறது என்று வையுங்கள். லேசர்ஜிஆர்பிஎல் (LaserGRBL) கம்ப்யூட்டரிலிருந்து மிஷினை ஓட்டும் இலவச மென்பொருள். அதில் $$ என்று அடித்தால் மிஷினின் எண்கள் வரிசையாக வரும். ஒரு மி.மீ. நகர மோட்டார் எத்தனை படி எடுக்க வேண்டும் என்ற எண் $100 கிடை அச்சுக்கு, $101 மற்றதற்கு. அங்கே 80 இருந்தால் 80 × 100 ÷ 99.2, அதாவது 80.65 என்று மாற்றுங்கள். $32 ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அது லேசர் முறை. அது இருந்தால்தான் எம்4 கட்டளையில் தலை வேகம் குறையும் மூலைகளில் பவரும் கூடவே குறையும், மூலைகள் கருகாது.

முதல் செலவு காற்றுக்கு. மீன் தொட்டிக்கு வைக்கும் ஏர் பம்ப், ஒரு சிலிகான் குழாய், லேசர் முனையில் மாட்டும் நாசில், இவ்வளவுதான். காற்று புகையைத் தள்ளிவிடுவதால் ஒளி நேராக மரத்தில் விழும், லென்ஸிலும் கரி படியாது. 3 மி.மீ. பிளைவுட்டை ஆறு முறை ஓட்டி வெட்டிய நான் இப்போது மூன்று முறையில் முடிக்கிறேன். மரைன் பிளைவுட் மட்டும் வேண்டாம். அதன் ஃபீனால் பசை கருகுமே தவிரச் சுலபத்தில் வெட்டுப்படாது. பவர் குறைந்த மாதிரி தோன்றினால் மிஷினை அணைத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் லென்ஸை மெல்லத் துடையுங்கள், நன்றாகக் காயட்டும்.

இரண்டாவது செலவு புகைபோக்கி. ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன், நான்கு அங்குலக் குழாய். ரெக்ஸினை எந்தக் காலத்திலும் உள்ளே வைக்காதீர்கள். அதிலுள்ள பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலையும் அரிக்கும், மிஷினின் இரும்பையும் அரிக்கும். கண்ணில் போடும் பாதுகாப்புக் கண்ணாடி, லேசரின் அலைநீளமான 450 நானோமீட்டருக்கு OD (ஒளியைத் தடுக்கும் அளவு) 5 அல்லது அதற்கு மேல் என்று அச்சிட்டதாக இருக்கட்டும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் அதே கண்ணாடி. ஒருமுறை டீ குடிக்கப் போய்த் திரும்பினால் பிளைவுட் ஓரத்தில் சுடர் நின்றது. ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தேன். இப்போது மிஷின் ஓடும்போது நகர்வதில்லை.

சிரட்டையில் பெயர் பொறிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று: வளைவில் ஃபோகஸ் ஓரிரு மில்லிமீட்டரிலேயே போய்விடும். எழுத்தைச் சிறிதாக்கி, உச்சியில் மட்டும் பொறியுங்கள். அக்கினி நட்சத்திர நாட்களில் வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள், லேசர் ஒளியைத் தரும் டயோடு சூடேறினால் ஒளி குறையும்.

இவ்வளவும் செய்து ஒரு வருடம் ஓட்டிய பிறகே 10 வாட் தலை வாங்கினேன். வாங்கும் முன் மின்னழுத்தம் 12ஆ 24ஆ, கனெக்டர் பொருந்துமா, அடாப்டர் தாங்குமா என்று மூன்றையும் பாருங்கள். புதுத் தலை கனம். பழைய எண்களோடு ஓட்டியதும் கோலத்தின் கோடு மறுபடி விலகி நின்றது. $120, $121 இரண்டிலும் ஆக்சிலரேஷனை, அதாவது தலை வேகமெடுக்கும் விகிதத்தை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். நாலாவது தட்டில் கூடியது.