1832 சீர்திருத்தக் கார்ட்டூனைப் படிப்பது எப்படி?

பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சீர்திருத்தம் பற்றிய 1831-32 கேலிச்சித்திரங்களில் ஆட்கள் நெரிசல், வசனம் அதைவிட நெரிசல். முகங்களில் தொடங்கினால் குழப்பம்தான். கீழிருந்து தொடங்குங்கள்.

படி 1: தேதி.
படத்தின் அடியில் பொடி எழுத்தில் வெளியீட்டாளர் பெயரும் நாளும் இருக்கும். பதிப்புரிமைக்காக 1735 சட்டம் அதைக் கேட்டது. சீர்திருத்த மசோதா முதலில் வந்தது 1831 மார்ச் 1. திருத்தி வந்ததை நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை தள்ளியது அக்டோபர் 8. அரச ஒப்புதல் 1832 ஜூன் 7. உங்கள் படம் எந்த இடைவெளியில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓரம் வெட்டப்பட்ட பிரதியில் தேதி போயிருக்கும். பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையப் பட்டியலில் முழுப் பிரதி இருக்கிறதா என்று தேடுங்கள்.

படி 2: ஆட்கள்.
வளைந்த பெரிய மூக்கு, சீர்திருத்தத்தை எதிர்த்த முன்னாள் பிரதமர் வெலிங்டன். துடைப்பம் வைத்திருப்பவர், அல்லது துடைப்பமாகவே நிற்பவர், சீர்திருத்தத்தை ஆதரித்த அமைச்சர் புரூம் பிரபு. அவர் பெயரின் உச்சரிப்பும் ஆங்கிலத்தில் துடைப்பத்துக்கான சொல்லும் ஒன்றே.

படி 3: வாய்விட்டுப் படியுங்கள்.
சிலேடை கண்ணுக்குத் தப்பும், காதுக்குத் தப்பாது. கேலிச்சித்திரக்காரர் ஜான் டாய்லின் 1831 படமொன்றில் சுவரில் ‘ரிஃபார்ம் பில்’ என்று கிறுக்கியிருக்கிறது. மன்னர் நான்காம் வில்லியம் அதைப் பார்த்து, என்னையா சொல்கிறார்கள் என்று திகைக்கிறார். ‘பில்’ என்றால் மசோதா. வில்லியமின் செல்லப் பெயரும் அதுவே. ‘பில், திருந்து!’ என்றும் படிக்கலாம்.

படி 4: பொருள்கள்.
1831இல் வந்த பட்டமரக் கார்ட்டூனில் கிளையெல்லாம் பறவைக் கூடுகள். ஒவ்வொன்றும் ஓர் ‘அழுகிய தொகுதி’, அதாவது வாக்காளர்கள் மிகச் சிலரே இருந்தும் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பிய ஊர். குடியிருப்பே இல்லாத ஓல்டு சாரம் மேட்டுக்கு 2 உறுப்பினர்கள். மான்செஸ்டர் நகருக்குத் தனியாக ஒருவரும் இல்லை. கோடரியோடு வெட்டுபவர்கள் சீர்திருத்தக்காரர்கள், முட்டுக்கொடுப்பவர்கள் எதிர்ப்பாளர்கள். சட்டம் 56 தொகுதிகளை அடியோடு ஒழித்தது.

படி 5: சார்பு.
அசிங்கமாக வரையப்பட்டவரே தாக்கப்படுகிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டாய்ல் முகங்களைக் கோரமாக்குவதே இல்லை. யாருடைய வேலை வீணாகிறது என்று பாருங்கள்.

அடிக்கடி நேரும் தவறு இன்னொன்று. கடல்நீரை ஈரத்துடைப்பானால் தள்ளும் கிழவியைப் புரூம் என்று நினைத்துவிடுவார்கள். அவள் திருமதி பார்ட்டிங்டன். சீர்திருத்தத்தைத் தடுக்கும் பிரபுக்கள் சபைக்கு உவமையாக பாதிரியார் சிட்னி ஸ்மித் 1831 அக்டோபரில் இங்கிலாந்தின் டான்டன் நகரில் பேசியபோது சொன்ன பாத்திரம். வெலிங்டனுக்கே அந்த வேடம் போட்டும் வரைந்தார்கள். துடைப்பமா, ஈரத்துடைப்பானா என்று படத்தில் தெளிவில்லையா? படி 1க்குத் திரும்புங்கள்: அக்டோபருக்கு முந்தைய படம் என்றால் அது அவளாக இருக்க வாய்ப்பில்லை.